செவ்வாய்க்கிழமைச் சவரம்

என் அப்பா இன்னொரு பெண்ணுக்காகத்தான் தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் வந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நம்பினேன். அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் ஒரு முகம் வரைந்து, பச்சைப் புடவை கட்டிவிட்டு, அவளிடம் முறைத்துக்கொள்வதா, சிரித்து வைப்பதா என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

இது இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மகன். போன மாதம் ஆன்லைனில் ஒரு மரப்பெட்டி வரவழைத்தான். உள்ளே வைக்கோல் மாதிரி எதையோ பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டீல் ரேசர், ஒரு பிரஷ், ஒரு வட்டச் சோப்பு, நகை மாதிரி காகிதத்தில் சுற்றிய ஒரு படிகாரக் கட்டி. ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசரால் அவனுக்குக் கழுத்தெல்லாம் கொப்புளம் வருகிறதாம். ஒற்றை பிளேடுதான் தோலுக்கு நல்லதாம். குப்பையும் குறையுமாம். அதைவிட முக்கியம், நுரை குழைக்கிற நேரத்தில் கை ஈரமாக இருப்பதால் போனைத் தொட முடியாதாம். அதனால் அது தியானமாம். நானும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தினமும் காலையில் தியானம் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீ ஏம்பா இந்த மாதிரி ரேசருக்கு வந்த?" என்று கேட்டான்.

"உங்க தாத்தாவோடது சும்மா கெடந்துச்சு. எடுத்துக்கினேன்."

"தாத்தா ஏன் ஆரம்பிச்சாரு?"

தாத்தா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சு வரை இறங்கிய வெள்ளைத் தாடியைக் கோதிக்கொண்டே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரா? அவரு ஒரு லேடிக்காக ஆரம்பிச்சாரு" என்றேன். சமையலறையில் என் அம்மா ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இனிமேல் அப்படியே சொல்கிறேன், அப்பா என்றால் வேறு யாரையோ சொல்வது போலிருக்கிறது.

திருவொற்றியூரில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய். காற்று கடல் பக்கமிருந்து வந்தால் கருவாட்டு வாசனை. மேற்கே திரும்பினால் மணலி வாசனை, அதாவது ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் பெயின்ட், ஒரு நாள் இன்னதென்று சொல்ல முடியாமல் மூக்கை மட்டும் எரிக்கிற ஏதோ ஒன்று. நைனா அந்த மேற்கிலிருந்துதான் சம்பளம் கொண்டுவந்தார். அங்கே ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆபரேட்டர்.

அவருக்குச் சவரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. சலூன் பெஞ்சில் பேப்பரை விளம்பரம் வரை படித்துவிட்டு, முறை வந்ததும் மூஞ்சியைக் கொடுத்துவிட்டு வருவார். திங்கள் பரவாயில்லை. வியாழக்கிழமை ஆனால் கன்னம் தேங்காய்த் துருவியாகிவிடும். என்னைப் பிடித்து அந்தக் கன்னத்தை என் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பார். நான் அலறுவேன். அதுதான் எங்கள் இருவருக்கும் வாடிக்கையான விளையாட்டு.

ஒரு நாள் அவர் சாயந்திரம் வரும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதிலிருந்து ரேசர், பிரஷ், டப்பாவில் அடைத்த சோப்பு, பிளேடு பாக்கெட் எல்லாம் வந்தன. மறுநாள் இருட்டு பிரிவதற்குள் முற்றத்து ஆணியில் கண்ணாடியை மாட்டி, லுங்கியை மடித்துக் கட்டி ஆரம்பித்தார். ஆறு மணி ஷிப்டுக்கு அவ்வளவு சீக்கிரம் எந்த சலூன் திறந்திருக்கும்? அதனால் தானே செய்துகொண்டார். செய்துகொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கன்னம், தாடை, தொண்டை என்று வெட்டு விழுந்த இடமெல்லாம் தினத்தாளைக் கிழித்து ஒட்டி, ராசிபலன் ஒரு பக்கமும் தங்க விலை ஒரு பக்கமுமாக வேலைக்குப் போனார்.

ரத்தம் நிற்கப் படிகாரம் தேய்க்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் படிகாரம் இருந்த இடம் ஒன்றுதான்: திருஷ்டிக்காக வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய கட்டி. அதில் ஒரு மூலையை உடைத்து எடுத்துவிட்டார்.

"இன்னாய்யா இது? வூட்டுக்குக் கட்டின கல்ல ஒடச்சி மூஞ்சில தேய்க்கிற?" என்று அம்மா கத்தினாள்.

"மூஞ்சிக்குந்தான் கண்ணு படும்" என்றார் நைனா, சிரிக்காமல். சிரித்தால் வெட்டுக்காயம் பிரிந்துகொள்ளும்.

வாளித் தண்ணீருக்கே குழாயடியில் சண்டை நடக்கிற ஊரில் தினமும் ஒரு சொம்பு வெந்நீர் மூஞ்சிக்கு மட்டும். அதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வரிசையில் யாரும் நகம்கூட வெட்ட மாட்டார்கள். நைனா செவ்வாய்க்கிழமையும் கண்ணாடி முன்னால் நின்றார். வெள்ளிக்கிழமையும் நின்றார். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் எதிர்வீட்டு அத்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இன்னாடி உன் வூட்டுக்காரு, செவ்வாக்கெயம அதுவுமா மூஞ்சில கத்தி வெக்கிறாரு?"

"கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்துகிறாராம்க்கா. தாடி கீடி இருந்தா புடிக்காதாம்" என்று அம்மா சமாளித்தாள். நைனா அவளிடம் சொன்னது அதுதான். அவள் நம்பினாள். நானும் நம்பியிருப்பேன், என் மாமா இல்லாதிருந்தால்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. காசிமேட்டிலிருந்து ஐஸும் மீனும் ஏற்றுகிற மீன்பாடி வண்டி ஓட்டினார். முன்னால் பெட்டியும் பின்னால் சைக்கிள் சீட்டும் வைத்த மூன்று சக்கர வண்டி. அதில் எங்கிருந்தோ ஒரு பழைய மொபெட் இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். மாமாவுக்கு ஒரு காடு போலத் தாடி. காதல் தோல்வி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார். சோம்பேறித்தனம் என்பது அம்மாவின் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் போய், நைனா ஏன் தினமும் சவரம் செய்கிறார் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். அப்படித் தாழ்த்தினால் ஏதோ கதை கட்டப்போகிறார் என்று எனக்கு இப்போது தெரியும்.

"த்தோ பாரு மாப்ள. ஒரு ஆம்பள செவ்வாக்கெயம சேவிங் பண்றான்னா, ரெண்டே விசயந்தான். ஒண்ணு, சினிமால சேரப் போறான்."

"இன்னொண்ணு?"

"சின்ன வூடு."

"அப்டின்னா?"

"உனக்கு ஒரு சித்தி வரப்போறா."

மாமாவுக்கு அது தமாஷ். சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டு சக்கரத்துக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

முதலில் சினிமாவைத்தான் யோசித்தேன். நைனாவைப் பக்கவாட்டில் பார்த்தேன், நேராகப் பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன். எந்தக் கோணத்திலும் தேறவில்லை. அப்படியானால் சித்திதான். அந்த வீட்டில் டி.வி. இருக்குமா என்பது எனக்கு வந்த முதல் கவலை என்பதை மறைப்பானேன். அடுத்த கவலை கொஞ்சம் நல்ல கவலை: நைனா போய்விட்டால் அம்மா அழுவாளே. மூன்றாவது கவலை ராத்திரி பாயில் படுத்தபோது வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. வியாழக்கிழமைக் கன்னம் இனி எனக்குக் கிடையாது. அவர் இப்போதே என் கன்னத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட்டிருந்தார். தேய்க்க ஒன்றும் இல்லையே. எனக்கு அது ஏற்கெனவே என்னை விட்டுப் போக ஆரம்பித்துவிட்ட அடையாளமாகத் தெரிந்தது.

நைனாவைப் பிடித்து வைக்கத் திட்டங்கள் போட்டேன். கேட்காமலே அவர் செருப்பைத் துடைத்து வைத்தேன். பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்காட்டினேன். இப்படிப்பட்ட மகனை எவன் விட்டுப் போவான்? அவர் "உடம்புக்கு முடியலியாடா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆளைக் கவனிக்கிறார் பார், குற்ற உணர்ச்சி, என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். திருஷ்டிக்கல் மூலை உடைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டான் என்று நைனாவுக்குத் தனியாகத் திட்டு விழுந்தது.

கடைசியில் மாமாவிடம்தான் உடைந்தேன். வண்டிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, மீன் வாசனையோடு, மூக்கு ஒழுக அழுதேன். மாமா பயந்துவிட்டார்.

"அட சும்மா டமாசுக்குச் சொன்னேன்டா."

"இல்ல. நீ நெசமாத்தான் சொன்ன."

"யக்கா கேட்டா என்னைத் தோலை உரிச்சிடும்டா! அய்வாத. சரி, இன்னா வேணும் உனக்கு?"

"கண்ணால பாக்கணும்."

அரையாண்டுப் பரீட்சை லீவு. காசிமேட்டில் மீன் வந்து இறங்குவதைக் காட்டுகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, மறுநாள் விடியலில் மாமா என்னை வண்டிப் பெட்டியில் ஏற்றினார். அவர் கணக்கு எளிமையானது. கம்பெனி வாசலைக் காட்டுவது, நைனா உள்ளே போவதைக் காட்டுவது, வழியில் இரண்டு வடை வாங்கிக் கொடுத்து வாயை அடைப்பது. அப்படித்தான் நாங்கள் நைனாவின் சைக்கிளைத் துப்பறியப் புறப்பட்டோம். துப்பறியப் போகிறவர்கள் ஏறவே கூடாத வண்டி ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது மாமாவின் வண்டிதான். பத்துத் தெருவுக்குக் கேட்கும். போதாததற்கு வழியெல்லாம் ஐஸ் தண்ணீர் சொட்டி, நாங்கள் போன பாதைக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. நல்லவேளை, மணலி ரோட்டில் டேங்கர் லாரிகள் அதைவிடச் சத்தம் போட்டன. நைனா ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திருட்டுத்தனம் உள்ளவன் திரும்பிப் பார்ப்பான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். கேட் திறந்திருந்தது. உள்ளே பக்கத்திலேயே சிவப்புச் சிலுவை வரைந்த ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு வராண்டா. நைனா சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே அந்த வராண்டாவுக்குப் போனார்.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள்.

நான் வரைந்து வைத்திருந்த முகம் இல்லை. பச்சைப் புடவையும் இல்லை, வெள்ளை. ஆனால் பெண். அவள் நைனாவைப் பார்த்துச் சிரித்தாள். நைனா முகத்தைத் தூக்கிக் காட்டினார். அவள் கையில் வெள்ளையாக ஏதோ வைத்திருந்தாள். அதை நைனாவின் காதுக்குக் கீழே வைத்து, கன்னத்து வழியாக, மெதுவாக, தாடை வரை இழுத்தாள். அப்புறம் அடுத்த கன்னம்.

நான் மாமாவைப் பார்த்தேன். வாயில் வைத்த வடை அப்படியே நின்றிருந்தது.

"மாமா, அது இன்னா கைல?"

"மல்லிப்பூ மாதிரி கீதுடா" என்றார் மாமா. குரல் கீச்சென்று வந்தது. "அய்யய்யோ. மெய்யாலுமே கீதுடா! நான் டமாசுக்குச் சொன்னது நெசமாவே கீதுடா!"

என் பீதியைவிட அவர் பீதி பெரிதாக இருந்தது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது, மச்சானை அடிப்பதா, காலில் விழுவதா என்று ஒரே மூச்சில் பேசினார். தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் இரண்டு டீக்கும் காசு முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குள் நைனா நகர்ந்தார். பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் முன்னால் வந்து முகத்தைத் தூக்கினார். அந்தப் பெண் அவர் கன்னத்திலும் இழுத்தாள். அடுத்து ஒரு குண்டு ஆள். அவர் கன்னத்திலும். அடுத்து கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். அவர் கன்னத்தைத் தடவிவிட்டு வெள்ளையை உயர்த்திப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், கேட்டைக் காட்டினாள். அந்த ஒல்லி ஆள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

"த்தோ, அவர மட்டும் வேணாம்னு சொல்லிட்டா மாமா" என்றேன். எனக்கு அந்த ஆள்மேல் உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

மாமா இறங்கி கேட்டுக்கு ஓடினார். வாட்ச்மேனிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். வாட்ச்மேன் முதலில் சிரித்தார், அப்புறம் தன் மோவாயைத் தொட்டுக் காட்டி, உள்ளே கைகாட்டி, நிதானமாக நிறையச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயற்சியும் செய்யவில்லை. ஏனென்றால் அந்த நேரம் வராண்டாவில் ஓர் அதிசயம் நடந்தது. நைனா ஒரு கறுப்பு ரப்பர் மூஞ்சியை எடுத்துத் தலைவழியாக மாட்டினார். இரண்டு வட்டக் கண்ணாடிக் கண். கீழே தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அவர் பக்கத்தில் வழுக்கையும் குண்டும் அதே மாதிரி மாட்டினார்கள். மூன்று யானைகள் வரிசையாக நின்று, குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தன. அந்தப் பெண் ஒவ்வொரு யானையின் தாடைக்கும் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

சினிமா! மாமா சொன்ன இரண்டில் முதலாவது! நைனா சினிமாவில் சேர்ந்துவிட்டார், அதுவும் யானை வேஷத்தில். அவரை எந்தக் கோணத்தில் பார்த்தும் தேறாதது இதனால்தான், மூஞ்சியே தேவைப்படாத வேஷம். இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கி ஓடியது. வண்டிப் பெட்டிக்குள் எழுந்து குதித்தேன். சிரித்த சிரிப்பில் வடை தொண்டையில் மாட்டிக்கொண்டது.

மாமா திரும்பி வந்தபோது என் முதுகைத் தட்டினார். சிரிக்கவில்லை. வழியில் விசிலடிக்கவில்லை. ரயில்வே கேட்டில் நின்றபோது மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"யக்காவாண்ட ஒண்ணும் சொல்லாத மாப்ள. சித்தியும் கெடையாது, கித்தியும் கெடையாது. அதோட வுட்டுடு."

இவ்வளவு நல்ல சேதியை ஏன் சொல்லக் கூடாது? பொறாமை என்று முடிவு கட்டினேன். வீட்டு முன்னால் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

அம்மா அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். காசிமேட்டுக்குப் போகவில்லை, கம்பெனிக்குப் போனோம், ஒரு நர்ஸம்மா வெள்ளையாக எதையோ வைத்து எல்லார் கன்னத்தையும் தடவினாள், ஒருத்தரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள், நைனாவை வைத்துக்கொண்டாள், நைனா கறுப்பாக யானை மூஞ்சி மாட்டிக்கொண்டு தும்பிக்கையால் மூச்சு விட்டார். மாட்டுவது எப்படி என்று தண்ணீர்ச் சொம்பை மூஞ்சியில் கவிழ்த்தும் காட்டினேன்.

அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கரண்டி நின்றது. குழம்பு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மணலியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்று திரும்பினால் எந்த வாசனைக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ரப்பர் மூஞ்சி யாருக்குக் கொடுப்பார்கள் என்பதும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் சொம்புக்குள் இருந்து பிளிறிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நைனா வந்தார். என்னை வெளியே விளையாடப் போகச் சொன்னார்கள். போனேன், ஜன்னலுக்கு வெளியே வரை.

"இன்னாய்யா, புது மேனேஜருக்குத் தாடி புடிக்காதா?"

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அத்தினி பெரிய கம்பெனில உன்ன வுட்டா வேற ஆளே கெடைக்கலியா?"

"கேட்டாங்க. எவன் வந்தான்? ஒருத்தன் மலைக்கு மாலை போட்டுக்கினு கீறான், செரைக்க மாட்டேன்னான். ஒருத்தன் திருப்பதிக்கு முடி வெச்சிக்கினு கீறான். ஒருத்தன் வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினு கீறானாம். வேண்டுதல் இல்லாத மூஞ்சி எங்க மூணு நாலு பேருதுதான்."

அப்புறம் அம்மா சிரித்தாள். எனக்கு நன்றாகக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அதுவும் கேட்டது, குழம்பு மிளகாய்க் காரம் என்று நினைத்தேன்.

"யாராச்சும் போவணும்ல" என்றார் நைனா.

"போ. யாரு வேணாம்னா? ஆனா ஒயுங்கா செரச்சிக்கினு போ. மூஞ்சியப் பாரு, எலி கடிச்ச மாதிரி. நாளைக்கி அந்தப் பொம்பளை உன்னத் திருப்பி அனுப்பினா எனக்கு அசிங்கம்."

மறுநாள் விடியற்காலையில் முற்றத்தில் நைனா கண்ணாடி முன்னால் நின்றார். வெந்நீரை அம்மாவே கொண்டுவந்து வைத்தாள். செவ்வாய்க்கிழமைதான். எதிர்வீட்டு அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சாமிக்கு நான் சொல்லிக்கிறேங்க்கா" என்று அம்மா முடித்துவிட்டாள். நைனா சவரம் செய்து, முகம் கழுவி, படிகாரம் தேய்த்துத் திரும்பினார். அம்மா விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் காதுக்குக் கீழே வைத்தாள். கன்னத்து வழியாக, தாடை வரை, மெதுவாக இழுத்தாள். பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தாடைக்கு அடியில் ஓரிடத்தில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இங்க வுட்டுட்ட."

நைனா மறுபடி நுரை போட்டார். மறுபடி பஞ்சு. இந்த முறை ஒட்டவில்லை. "உம், போ" என்றாள்.

நான் பாயில் படுத்தபடி போர்வைக்குள்ளிருந்து பார்த்துச் சிரித்தேன். வரிசைவீட்டுப் பையன்களிடம் போய், எங்க அம்மா எங்க நைனாவைக் கொஞ்சுகிறாள் என்று பற்றவைத்தேன். அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அது நடந்தது. ஜுரம் வந்த நாளிலும் நடந்தது, இருவரும் பேசாமல் முறைத்துக்கொண்ட நாட்களிலும் நடந்தது. அப்போது பேச்சே இருக்காது, பஞ்சு மட்டும் போய்வரும். அவர் ரிட்டயரான மறுநாள் ரேசரைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு நாள்கூட சவரம் செய்யவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நான் அந்த ரேசரைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். எனக்குக் கொப்புளமும் கிடையாது, குப்பைக் கவலையும் கிடையாது, தியானமும் தெரியாது. சவரம் என்றால் முழுசாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியும். இப்போதும் வெளியே கிளம்புமுன் தாடைக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வேன். என் மனைவி இதைக் கிறுக்கு என்பாள்.

நடந்தது இவ்வளவுதான். நைனா வேலை பார்த்த பிரிவில் குளோரின் இருந்தது. அது கசிந்தால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். மூன்று நான்கு பேர் மட்டும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூட வேண்டும். ஒரு நாள் தாடி இருந்தால்கூட முகமூடி கன்னத்தில் ஒட்டாது, வாயு உள்ளே புக அந்த இடைவெளி போதும். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அது கசிந்தது. நைனாவும் வழுக்கைத் தலைக்காரரும் உள்ளே போனார்கள். வால்வை மூடினார்கள். இருவரும் வெளியே வந்தார்கள். ஷிப்டு முடிந்ததும் நைனா சைக்கிளில் வீட்டுக்கு வந்து, சோறு கேட்டார்.